இந்தப் பின்னம் எந்த வகை? வீட்டில் சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் தரம் 4, 5, 6 பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும், பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் பழகிவிட்ட பிள்ளைகூட "இது என்ன வகைப் பின்னம்?" என்ற கேள்வியில் நின்றுவிடுகிறது. 5/5 முறைமைப் பின்னமா, இல்லையா? 2/4 சமவலுப் பின்னமா? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் "ஓம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கேள்வியே முழுமையில்லாதது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

வகைப் பெயர்களை எல்லாம் ஒரே பட்டியலாக நாங்கள் கொடுப்பதுதான் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். அலகுப் பின்னம், முறைமைப் பின்னம், முறைமையில்லாப் பின்னம், கலப்பெண், சமவலுப் பின்னம் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஆனால் முதல் நான்கும் ஒரு எண்ணைத் தனியாகப் பார்த்துச் சொல்லும் பெயர்கள். கடைசிப் பெயர் இரண்டு பின்னங்களுக்கு இடையில் உள்ள உறவு. "இவன் தம்பியா?" என்று யாராவது கேட்டால் "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்போம் அல்லவா, சமவலுவும் அப்படித்தான். இந்தப் பிரிவைப் பிள்ளை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி இலகு. கீழே உள்ள படிகளும் அந்த ஒழுங்கில்தான் போகின்றன: முதலில் தனிப் பின்னம், அப்புறம் சோடி.

(இங்கே வசதிக்காக 3/5 என்று சாய்கோடு போட்டு எழுதுகிறேன். கொப்பியில் பிள்ளை கிடைக்கோடு போட்டு, எண்களை மேலும் கீழுமாகத்தான் எழுத வேண்டும். கலப்பெண்ணில் முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் இடையில் சிறு இடைவெளி விட்டிருக்கிறேன்: 2 3/4.)

படி 1: இது பின்னம்தானா என்று பாருங்கள்

கோட்டுக்குக் கீழே இருப்பது பகுதியெண். முழுதை எத்தனை சம பங்காகப் பிரித்தோம் என்பதை அது சொல்கிறது. மேலே இருப்பது தொகுதியெண். அந்தப் பங்குகளில் எத்தனையை எடுத்தோம் என்பதை அது சொல்கிறது. இதில் "சம" என்ற சொல்லைத்தான் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். ஒரு இறாத்தல் பாணை இரண்டாக வெட்டினால் அரை இறாத்தல் வந்துவிடாது. சரி நடுவில் வெட்டினால்தான் வரும். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் என்றால் அரைப் பாண் 225 கிராம் இருக்க வேண்டும். ஒரு துண்டு 250 கிராமும் மற்றது 200 கிராமும் என்றால் அவை இரண்டு துண்டுகள்தான், இரண்டு அரைகள் அல்ல.

சம பங்கு என்றால் ஒரே வடிவம் என்றும் நினைக்கக் கூடாது. ஒரு செவ்வகம் வரைந்து இரண்டு மூலைவிட்டங்களையும் போடுங்கள். நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். இரண்டு ஒல்லியாகவும் இரண்டு அகலமாகவும் தெரியும். "இதில் ஒன்று நான்கில் ஒன்றா?" என்று கேட்டால் பிள்ளைகள் இல்லை என்பார்கள். உண்மையில் நான்கின் பரப்பளவும் சமம், ஆகவே ஒவ்வொன்றும் 1/4. நம்பாத பிள்ளையிடம் கடதாசியில் அதை வெட்டச் சொல்லுங்கள். ஒல்லி முக்கோணம் ஒன்றையும் அகல முக்கோணம் ஒன்றையும் உச்சியிலிருந்து அடியின் நடுவுக்கு வெட்டினால், கிடைக்கும் நான்கு சிறு முக்கோணங்களும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்.

எழுதும்போது வரும் ஒரு பிழையையும் இங்கேயே திருத்திவிடலாம். "ஐந்தில் இரண்டு" என்று நாம் வாசிக்கும்போது கீழே உள்ள எண் முதலில் வருகிறது. பிள்ளை கேட்ட வரிசையிலேயே 5/2 என்று எழுதிவிடும். சொல்வதெழுதல் போல ஐந்தாறு பின்னங்களை வாயால் சொல்லி எழுதவைத்துப் பார்த்தால், பிரச்சினை இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். "இல்" என்ற ஒலியோடு முடியும் எண் கீழே போகும் என்று சொல்லிக்கொடுங்கள்: மூன்றில், நான்கில், ஐந்தில்.

பகுதியெண் ஒருபோதும் 0 ஆகாது. பூச்சியப் பங்காகப் பிரிப்பது என்று ஒன்று இல்லை. 4/0 என்று எழுதியிருந்தால் அது எந்த வகையும் அல்ல, பின்னமே அல்ல.

படி 2: மேலே பெரிதா, கீழே பெரிதா?

தனிப் பின்னத்திடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்.

தொகுதியெண் சிறிதாக இருந்தால் முறைமைப் பின்னம்: 3/5, 7/8, 99/100. அதன் பெறுமானம் ஒன்றைவிடக் குறைவு. எண்கோட்டில் 0 இற்கும் 1 இற்கும் இடையில் நிற்கும்.

தொகுதியெண் பெரிதாகவோ சமமாகவோ இருந்தால் முறைமையில்லாப் பின்னம்: 7/5, 9/4, 5/5. "அல்லது சமமாக" என்ற பகுதியைப் பிள்ளைக்கு அழுத்திச் சொல்லுங்கள். 5/5 என்பது முழுதாக ஒன்று. ஒன்றைவிடக் குறைவு இல்லை, ஆகவே முறைமைப் பின்னம் இல்லை. 8/4 உம் முறைமையில்லாப் பின்னம்தான். அதைப் பிரித்தால் 2 என்று முழு எண் வந்துவிடுகிறது என்பதற்காக வகை மாறாது. 6/1 உம் அப்படியே.

தமிழ்நாட்டிலிருந்து வரும் யூடியூப் பாடங்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வரும். அங்கே முறைமைப் பின்னத்தைத் தகுபின்னம் என்றும், முறைமையில்லாப் பின்னத்தைத் தகாபின்னம் என்றும் சொல்வார்கள். கணக்கு ஒன்றுதான். பரீட்சையில் நம் பாடநூலின் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

படி 3: மேலே இருப்பது 1 மட்டுமா?

அப்படியென்றால் அலகுப் பின்னம்: 1/2, 1/3, 1/10, 1/160. இவை எல்லாம் முறைமைப் பின்னங்களும்கூட. ஒரே பின்னத்துக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதைப் பிள்ளை முதன்முதலில் சந்திக்கும் இடம் இது. "1/7 முறைமைப் பின்னமா, அலகுப் பின்னமா?" என்று கேட்டால் "இரண்டும்" என்பதே சரியான பதில்.

எல்லாப் பின்னங்களுக்கும் அடிப்படை அலகுப் பின்னம்தான். 3/5 என்பது மூன்று 1/5. 7/5 என்பது ஏழு 1/5. இந்தப் பார்வை வந்துவிட்டால் முறைமையில்லாப் பின்னம் பிள்ளைக்கு விசித்திரமாகத் தெரியாது. ஐந்தில் ஒன்றுகளை எண்ணிக்கொண்டே போகிறோம், ஐந்து சேர்ந்ததும் ஒரு முழுது ஆகிறது, எண்ணிக்கை அங்கே நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை.

பழந்தமிழ்க் கணக்கிலும் அலகுப் பின்னங்களுக்கென்றே தனிப் பெயர்கள் இருந்தன. அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் அல்லது மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320). பழைய எகிப்தியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 2/3 போன்ற ஓரிரண்டைத் தவிர மற்றப் பின்னங்களை எல்லாம் வெவ்வேறு அலகுப் பின்னங்களின் கூட்டாகவே எழுதினார்கள். 3/4 ஐ 1/2 + 1/4 என்று எழுதுவது அவர்கள் முறை. கெட்டிக்காரப் பிள்ளைக்கு 5/6 ஐ அப்படி எழுதக் கொடுத்துப் பாருங்கள். 1/2 + 1/3 என்று கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் சந்தோஷத்துக்காகவே கொடுக்கலாம்.

கவனிக்க: 2/6 ஐச் சுருக்கினால் 1/3 வரும். ஆனால் 2/6 என்று எழுதியிருக்கும்போது அதை அலகுப் பின்னம் என்று சொல்வதில்லை. ஏன் என்பது படி 7 இல் வருகிறது.

படி 4: முன்னால் முழு எண் ஒன்று நிற்கிறதா?

முழு எண்ணும் முறைமைப் பின்னமும் சேர்ந்து நின்றால் கலப்பெண்: 1 1/2, 2 3/4. வீட்டில் நாம் ஒன்றரை, இரண்டே முக்கால் என்று கதைப்பது இதைத்தான். அதனால் எல்லா வகையிலும் பிள்ளைக்கு நன்கு பழக்கமானது இதுவே.

2 3/4 என்றால் 2 + 3/4. பெருக்கல் அல்ல. இடையில் குறி எதுவும் இல்லாததால், கூட்டல் அங்கே மறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, பின்னப் பகுதி கட்டாயம் முறைமைப் பின்னமாக இருக்க வேண்டும். 2 5/3 என்று எழுதினால் அது முடிவடையாத வேலை. 5/3 இற்குள் இன்னும் ஒரு முழுது இருக்கிறது. அதை வெளியே எடுத்து 3 2/3 என்று எழுதினால்தான் சரியான கலப்பெண்.

இந்த விதியைக் கொழும்புப் பிள்ளைகள் தெரியாமலே தினமும் பாவிக்கிறார்கள், கிரிக்கெட்டில். பிரேமதாச மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தில் திரையில் 17.4 ஓவர் என்று காட்டினால், அது பதினேழு முழு ஓவரும் நான்கு பந்தும். ஓவருக்கு ஆறு பந்து. ஆகவே அது 17 4/6 ஓவர், சுருக்கினால் 17 2/3. அடுத்த பந்தில் 17.5, அதற்கடுத்த பந்தில் 18. ஏன் 17.6 என்று காட்டி நிறுத்துவதில்லை என்று பிள்ளையிடம் கேளுங்கள். 6/6 என்பது முறைமைப் பின்னம் இல்லை, முழுதாக ஒன்று. அது முழு எண்ணோடு சேர்ந்துவிடுகிறது. இதே இடத்தில், அங்கே இருக்கும் புள்ளி தசமப் புள்ளி அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். 17.3 ஓவர் என்பது பதினேழரை ஓவர். தசமத்தில் அதை எழுதினால் 17.5 என்றுதான் வரும். தரம் 6 இல் தசமம் படிக்கத் தொடங்கியதும் இது பலரைக் குழப்புகிறது.

படி 5: ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சரிபாருங்கள்

முறைமையில்லாப் பின்னமும் கலப்பெண்ணும் ஒரே அளவை எழுதும் இரண்டு முறைகள். 17 4/6 ஓவரில் எத்தனை பந்து? 17 × 6 = 102, அதோடு 4, மொத்தம் 106. ஆகவே 106/6. திரும்பி வர 106 ஐ 6 ஆல் பிரியுங்கள்: ஈவு 17, மீதி 4. ஈவு முழு எண்ணாகும், மீதி தொகுதியெண்ணாகும், பகுதியெண் அப்படியே இருக்கும். மீதி எப்போதும் பிரித்த எண்ணைவிடச் சிறியது என்பதால், வரும் பின்னம் தானாகவே முறைமைப் பின்னமாக இருக்கும். மீதி 0 என்றால் கலப்பெண் வராது, வெறும் முழு எண்தான். 8/4 இற்கு நடந்தது அதுதான்.

படி 6: இப்போது இரண்டு பின்னங்களைச் சேர்த்துப் பாருங்கள்

இங்கே கேள்விகள் இரண்டு. பகுதியெண்கள் ஒன்றா? பெறுமானம் ஒன்றா?

முதல் கேள்வி சுலபம். 2/7, 5/7 இரண்டுக்கும் பகுதியெண் ஒன்று. உடனே கூட்டலாம், உடனே ஒப்பிடலாம். 2/7, 5/9 இற்கு அது முடியாது, பகுதியெண்களின் பொது மடங்குகளுட் சிறியதைத் தேட வேண்டும். தமிழ்நாட்டுப் பாடங்களில் இவற்றை ஓரினப் பின்னம், வேற்றினப் பின்னம் என்பார்கள். தொகுதியெண்கள் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது: 5/8, 5/9 இரண்டும் வெவ்வேறு அளவுப் பங்குகள்.

பெறுமானம் ஒன்றா என்ற இரண்டாவது கேள்விக்கு "ஆம்" என்றால் அந்தச் சோடி சமவலுப் பின்னங்கள். 1/2, 2/4, 50/100 எல்லாம் ஒன்றுக்கொன்று சமவலு. மேலையும் கீழையும் ஒரே எண்ணால் பெருக்கினால் அல்லது பிரித்தால் சமவலுப் பின்னம் கிடைக்கும் என்று பிள்ளைகள் படித்திருப்பார்கள். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கப் போனால் 4/10, 6/15 என்ற சோடியில் மாட்டிக்கொள்வார்கள். 4 ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் 6 வராது, ஆகவே சமவலு இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டையும் சுருக்கிப் பார்த்தால் இரண்டும் 2/5. ஆகவே சமவலுதான்.

சுருக்காமலே பார்க்கவும் ஒரு வழி உண்டு: குறுக்குப் பெருக்கம். முதலாவதன் மேல் எண்ணை இரண்டாவதன் கீழ் எண்ணால் பெருக்குங்கள், 4 × 15 = 60. முதலாவதன் கீழ் எண்ணை இரண்டாவதன் மேல் எண்ணால் பெருக்குங்கள், 10 × 6 = 60. இரண்டும் சமம் என்றால் சமவலு. இது எந்தச் சோடிக்கும் பிசகாது. ஆனாலும் சின்ன வகுப்பில் இதை முதலில் காட்டாதீர்கள். சுருக்கிப் பழகிய பிள்ளைக்குப் பின்னர் காட்டினால்தான், ஏன் சரிவருகிறது என்று கேட்கும்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு நான் விரும்பிக் கொடுக்கும் கணக்கு செட்டியார் தெரு நகைக்கடைகளில் இருக்கிறது. தங்கத்தின் தரத்தைச் சொல்லும் கரட் என்பதே ஒரு பின்னம், எழுதாமல் விட்ட பகுதியெண் 24. 24 கரட் என்றால் 24/24, முழுதும் தங்கம். 22 கரட் என்றால் 22/24, சுருக்கினால் 11/12. அதாவது பன்னிரண்டு பங்கில் பதினொன்று தங்கம், ஒரு பங்கு வேறு உலோகம். 21 கரட் 7/8. 18 கரட் 3/4, முக்கால் பங்கு தங்கம்.

இதையே நகையில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்றும் பொறிப்பார்கள். 18 கரட்டுக்கு 750. குறுக்கே பெருக்கிப் பாருங்கள்: 18 × 1000 = 18000, 24 × 750 = 18000. சமவலு. 21 கரட்டுக்கு 875: 21 × 1000 = 21000, 24 × 875 = 21000. இதுவும் சமவலு. இனி எல்லோருக்கும் தெரிந்த 22 கரட்டின் 916. 22 × 1000 = 22000. 24 × 916 = 21984. சமம் இல்லை! 22/24 உம் 916/1000 உம் கணிதப்படி சமவலுப் பின்னங்கள் அல்ல, மிக நெருங்கிய இரண்டு பின்னங்கள். 11/12 ஐத் தசமமாக்கினால் 0.91666... என்று முடிவில்லாமல் போகும். மூன்று இலக்கத்தோடு வெட்டியதால் 916 வந்தது. "கிட்டத்தட்டச் சமம்" வேறு, "சமவலு" வேறு என்பதைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படி 7: எழுத்து மாறினால் பெயர் மாறுமா?

இது பாடநூலில் தனிப் பாடமாக வராது, ஆனால் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு பின்னத்தைச் சுருக்கினாலும், அதன் மேலையும் கீழையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் பெறுமானம் மாறாது. ஆகவே பெறுமானத்தைப் பொறுத்த பெயர்கள் மாறா. 6/8 முறைமைப் பின்னம், 3/4 உம் முறைமைப் பின்னம், 75/100 உம் அப்படியே. மேலையும் கீழையும் ஒரே எண்ணால் பெருக்கும்போது, சிறிதாக இருந்தது சிறிதாகவே இருக்கும். முறைமையில்லாப் பின்னமும் அதேபோல், எவ்வளவு சுருக்கினாலும் அதே வகையில்தான் இருக்கும்.

வேறு சில பெயர்கள் எழுதிய விதத்தைப் பொறுத்தவை. 2/6 அலகுப் பின்னம் இல்லை, 1/3 அலகுப் பின்னம். பகுதியெண் ஒன்றா என்பதும் அப்படித்தான். கொழும்பில் காணி விளம்பரங்கள் பேர்ச்சஸில் வரும், ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். 10 பேர்ச்சஸ் காணி 10/160 ஏக்கர், 6 பேர்ச்சஸ் காணி 6/160 ஏக்கர். பகுதியெண் ஒன்று, கூட்டினால் 16/160. இப்போது இரண்டையும் சுருக்குங்கள்: 1/16, 3/80. காணி மாறவில்லை, ஆனால் பகுதியெண்கள் வேறாகிவிட்டன, உடனே கூட்ட முடியாது. ஆகவே எப்போதும் சுருக்கித்தான் வைக்க வேண்டும் என்ற பழக்கம் கூட்டல் கணக்கில் சில நேரம் வேலையைக் கூட்டிவிடும். கூட்டி முடித்த பிறகு சுருக்கட்டும்.

முறைமையில்லாப் பின்னமா, கலப்பெண்ணா என்பதும் எழுதும் விதம்தான். 7/2 என்று எழுதினால் ஒன்று, 3 1/2 என்று எழுதினால் மற்றொன்று.

படி 8: பயிற்சி

கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். பதிலோடு காரணத்தையும் சொல்லவையுங்கள். காரணம் இல்லாத சரியான பதிலுக்கு வீட்டில் புள்ளி கொடுக்காதீர்கள், அது ஊகமாகவும் இருக்கலாம்.

அ) 9/9
ஆ) 1/12
இ) 14/4
ஈ) 2 7/5
உ) 5/8, 5/9
ஊ) 14/4, 3 1/2
எ) 6/9, 8/12

விடைகள்: அ) முறைமையில்லாப் பின்னம், பெறுமானம் 1. ஆ) அலகுப் பின்னம், முறைமைப் பின்னமும்கூட. இரண்டையும் சொன்னால்தான் முழுப் புள்ளி. இ) முறைமையில்லாப் பின்னம். கலப்பெண்ணாக 3 2/4, சுருக்கினால் 3 1/2. ஈ) சரியான கலப்பெண் அல்ல, 7/5 முறைமையில்லாப் பின்னம். திருத்தினால் 3 2/5. உ) பகுதியெண்கள் வேறு, சமவலுவும் அல்ல: 5 × 9 = 45, 8 × 5 = 40. 5/8 தான் பெரியது, ஏனென்றால் எட்டாகப் பிரித்த பங்கு ஒன்பதாகப் பிரித்த பங்கைவிடப் பெரிது. ஊ) ஒரே பெறுமானம். 3 1/2 ஐ 7/2 ஆக மாற்றிய பிறகு, 14/4 உம் 7/2 உம் சமவலுப் பின்னங்கள் என்று எழுதலாம். எ) சமவலு. 6 × 12 = 72, 9 × 8 = 72, இரண்டையும் சுருக்கினால் 2/3.